திங்கட்கிழமைப் புலி

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

எதிரே பூட்டிய இரும்புக் கதவு. கதவுக்கு உள்ளே காக்கிச் சட்டை போட்ட காவல்காரர், அப்பாவைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். கதவுக்கு வெளியே நாங்கள் மூன்று பேர். அப்பா, மொட்டைத் தலையோடு ஆறு வயது வடிவு, பன்னிரண்டு வயது நான். வடிவின் கையில் ஒரு சீப்பு மட்டி வாழைப்பழம். அது புலிக்கு.

எங்கள் பூதப்பாண்டியில் அப்பாவின் தோள்துண்டு இறங்கி நான் பார்த்தது கோயில் நடையில் மட்டும்தான். நிலத்துக்காரர் வீட்டுக்குக் குத்தகைப் பாட்டநெல் அளக்கப் போகும்போதுகூட அது தோளில்தான் கிடக்கும். அதற்காக அவரைத் திமிர் பிடித்தவர் என்று சொன்னவர்களும் உண்டு. அந்தத் துண்டு ஒரு இரும்புக் கதவின் முன்னால் இடுப்புக்கு இறங்கியது. இறக்கியது நான்.

இந்தத் தொடரில் இதுவரை நான் நல்ல பிள்ளையாகவே வந்திருக்கிறேன். வாசகர்கள் சிலர், "இப்படி ஒரு மகள் எங்களுக்கு இல்லையே" என்றுகூட எழுதிவிட்டார்கள். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று என்னைப் பற்றி நானே அளந்து விட்டதற்கு இந்த வாரம் கூலி கொடுக்கிறேன்.

வடிவின் தொலைபேசி

போன மாதம் தங்கை வடிவு திருவனந்தபுரத்திலிருந்து கூப்பிட்டாள். பேரப்பிள்ளைகளோடு மிருகசாலைக்குப் போயிருக்கிறாள். பின்னால் ஒரே கூச்சல். ஐஸ்கிரீம் கேட்டு ஒன்று அழுகிறது, குரங்கைப் பார்த்து ஒன்று சிரிக்கிறது.

"எக்கா, புலிக் கூட்டுக்கிட்ட நிக்கேன். அண்ணைக்கு அப்பா காட்டித் தந்த புலி இதவிட ரொம்பப் பெருசுல்லா?"

நான் "ஆமா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

இப்போது குழந்தைகளைக் கூட்டிப் போக ஆயிரம் இடம் இருக்கிறது. தண்ணீரில் சறுக்குகிறார்கள், தலைகீழாகச் சுற்றுகிறார்கள், கீழே இறங்கி வாந்தி எடுக்கிறார்கள், மறுபடி ஏறுகிறார்கள். எங்கள் காலத்தில் பெரிய பட்டணம் என்றால் திருவனந்தபுரம். எல்லை மாறி நாங்கள் சென்னையோடு சேர்வதற்கு முந்தைய சில வருஷங்கள் அவை. தலைநகரம் எங்களுக்கு அதுதான். கோர்ட்டுக்குப் போகிறவர்களும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் பஸ் ஏறுவார்கள். குழந்தைகளுக்கு அங்கே மிருகசாலை, பக்கத்திலேயே பழம்பொருள்கள் வைத்த காட்சிசாலை, சாயங்காலம் கடற்கரை. இந்த மூன்றையும் பார்த்து வந்த பிள்ளை ஒரு வருஷத்துக்குத் தரையில் கால் வைக்காது.

தீப்பெட்டிப் புலி

அந்த வருஷம் கார்த்திகையில் வடிவு காய்ச்சலில் விழுந்தாள். இருபத்தொரு நாள் காய்ச்சல் என்று அதைச் சொல்வார்கள். இருபத்தொரு நாள் கழிந்தும் விடவில்லை. வைத்தியர் வந்தார், பிறகு நாகர்கோவிலிலிருந்து டாக்டர் வந்தார். வீடு முழுக்கப் பொடியரிக் கஞ்சியின் வாசமும் மருந்தின் நெடியும்தான்.

அவள் தலைமாட்டில் ஒரு காலித் தீப்பெட்டி எப்போதும் இருக்கும். மேல்தாளில் மஞ்சள் புலி ஒன்று வாயைத் திறந்து நிற்கும். காய்ச்சல் உச்சத்துக்கு ஏறும்போதெல்லாம் அதைக் கையில் பொத்திக்கொண்டு புலி வருகிறது, புலி போகிறது என்று பிதற்றுவாள். ஒரு நாள் அது ரொம்ப மோசமாகி, அம்மா அழுவதை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். அப்போது அப்பா குனிந்து அவள் காதில் சொன்னார்.

"மக்கா, நீ எந்திரிச்சு வா. ஒனக்கு நெசப் புலியக் காட்டித் தாறேன்."

தெய்வத்துக்கு நேர்வதைப் போலத்தான் அதைச் சொன்னார். சொன்ன மறுநாளோ அதற்கு மறுநாளோ காய்ச்சல் இறங்கியது. டாக்டரின் மருந்தாகவும் இருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் அது புலி கொடுத்த உயிர் என்றே ஆகிவிட்டது. கோயிலுக்கு நேர்ந்தால் வட்டி போட்டுக்கூடப் பிறகு செலுத்தலாம், பிள்ளைக்கு நேர்ந்ததைத் தள்ளிப் போடக் கூடாது என்று அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதில் எனக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். வந்தது.

வடிவு படுத்திருந்த அதே நாட்களில்தான் எங்கள் பள்ளிக்கூடத்தில் திருவனந்தபுரத்துக்கு எஸ்கர்ஷன் போனார்கள். கணக்கு சார் வகுப்பில் நின்று அறிவித்தார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெரியும், திங்கட்கிழமை மிருகசாலை அடைப்பு, ஆகவே சனிக்கிழமை போகிறோம் என்றார். நான் முன் பெஞ்சு. சார் தும்மினால் என் நோட்டில் தெறிக்கும் தூரம். அவர் சொன்னது ஒரு எழுத்து விடாமல் என் காதில் விழுந்தது.

அப்பா என்னை விடவில்லை.

"வீட்டுல ஒருத்தி இப்பிடிக் கெடக்கையில வேடிக்க பாக்கப் போறது கொள்ளாதுட்டி" என்றார். அவர் சொன்னது ஊர் வழக்கம்தான். நோயாளி கிடக்கும் வீட்டில் திருவிழாவுக்கே போக மாட்டார்கள். நியாயம் எனக்கும் தெரிந்தது. தெரிந்தால் வயிற்றெரிச்சல் போய்விடுமா?

போய் வந்தவர்கள் ஒரு மாதம் என்னைக் கொன்றார்கள். நீர்யானை வாயைத் திறந்தபோது உள்ளே என்னென்ன தெரிந்தது என்பதை எதிர்வீட்டுத் தங்கம் தினமும் ஒரு புது விவரத்தோடு சொன்னாள். எனக்கு அழுகை வரும். வீட்டுக்கு வந்தால் அங்கே ஒருத்தி மடியில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டு, "அப்பா, எப்பப் புலி?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் சாகக் கிடந்தவள் என்பது எனக்கு மறந்தே போயிற்று. எனக்குக் கிடைக்காததைப் பறித்தவள் என்று மட்டும்தான் நினைவிருந்தது.

ஆறு நாள் போக மீதி

மாசி மாதம் வடிவு எழுந்து நடந்தாள். கொட்டிய முடி போக மீதியை மழித்துவிட்டிருந்தார்கள். கும்பப்பூ நெல் அறுப்பு செவ்வாய்க்கிழமை தொடங்க வேண்டும். அறுப்பு தொடங்கிவிட்டால் அப்பா வயலை விட்டு அசைய முடியாது. அதற்கு முன்னால் புலி.

அறுப்புக்கு எட்டு நாள் இருக்கையில் ஒரு சாயங்காலம் அப்பா பஞ்சாங்கத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். எங்கள் ஊரிலிருந்து திருவனந்தபுரம் மேற்கும் இல்லை, வடக்கும் இல்லை, இரண்டுக்கும் நடுவில். வேறு யாராவது என்றால் ஏதாவது ஒரு திசையை வைத்துக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். அப்பா இரண்டு சூலத்தையும் பார்த்தார். சாவிலிருந்து திரும்பிய பிள்ளை அல்லவா. ஞாயிறும் வெள்ளியும் மேற்கே சூலம், ஆகாது. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம், ஆகாது. வியாழன் வடிவுக்குச் சந்திராஷ்டமம். நோயில் எழுந்த பிள்ளையைச் சனிக்கிழமை வாசல் தாண்ட விட அம்மா சம்மதிக்க மாட்டாள்.

ஏழில் ஆறு நாளைப் பஞ்சாங்கமும் அம்மாவுமாக அடைத்துவிட்டார்கள். மீதி ஒரு நாளை மிருகசாலைக்காரர்கள் அடைத்து வைத்திருந்தார்கள்.

அப்பா என் பக்கம் திரும்பினார். நான் விளக்கடியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி பகவதி, ஒங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளையளு போயிட்டு வந்தாளுகள்லா? திங்கக்கெழம தொறந்திருக்கும்லா?"

"ஆமா, தொறந்திருக்கும்" என்றேன். பென்சிலை நோட்டிலிருந்து எடுக்கவில்லை.

அவர் பஞ்சாங்கத்தை மூடினார். மகள் செகண்ட் பாரம் (இப்போதைய ஏழாம் வகுப்பு) படிக்கிறாள், அவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மாவுக்கும் சந்தோஷம்.

வடிவு அங்கே போய்ப் பூட்டின கதவைப் பார்த்து அழ வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். இதைவிட அழகாகச் சொல்ல எனக்கு வழியில்லை. இதற்குப் பெயர் விளையாட்டுப் புத்தி இல்லை.

மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவளை அப்பா கூப்பிட்டார்.

"நீயும் கெளம்பு மக்கா. ஒரு நாள் லீவு போட்டாப் பரவால்ல. அண்ணைக்கு ஒன்ன விடாம வச்சது எனக்கு மனசுல உறுத்திக்கிட்டே கெடக்கு."

வாயில் உமிக்கரியோடு நின்றேன்.

அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். மறந்துவிட்டேன், இப்போதுதான் ஞாபகம் வந்தது என்று ஒரு சின்னப் பொய் போட்டால்கூடப் பெரிய பொய் அழிந்திருக்கும். திங்கட்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. ஆறு நாளும் வாயைத் திறந்து திறந்து மூடினேன். பயம் ஒரு காரணம். இன்னொரு காரணம் அதைவிடக் கேவலமானது. சொன்னால் பயணம் அறுப்புக்குப் பிறகு என்று தள்ளிப்போகும். அப்போது என்னைக் கூட்டிப் போவாரோ மாட்டாரோ. எனக்குப் பஸ் ஏற வேண்டும். பட்டணம் பார்க்க வேண்டும். புலி இல்லாவிட்டாலும் மற்றதெல்லாம் இருக்குமே என்று என் புத்தி கணக்குப் போட்டது.

மேற்கே போகும் பஸ்

நாகர்கோவிலில் பஸ் மாறினோம். அப்பா எங்களை முன்னால் உட்கார வைத்தார். பெட்ரோல் நெடியும் டிரைவரின் வெற்றிலை வாசமும் சேர்ந்து வந்தன. வடிவு தக்கலை வருவதற்குள் ஒரு முறை வாந்தி எடுத்தாள். எடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு, "புலி வந்துட்டா?" என்று கேட்டாள். குழித்துறைப் பாலத்திலும் கேட்டாள். அதற்குப் பிறகு ஏறுகிறவர்கள் பேச்சில் மலையாளம் கூடிக்கொண்டே போயிற்று. அவர்களிடமும் அவள் தமிழில் புலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மடியில் மட்டிப்பழச் சீப்பு. எங்கள் வீட்டுக் கொல்லையில் பழுத்தது. புலி பழம் தின்னுமா என்று அவளும் சந்தேகப்பட்டுக் கேட்டிருந்தாள். நீ கொடுத்தால் தின்னும் என்று அப்பா சொல்லியிருந்தார். வழியில் எனக்குப் பசித்தது. ஒரு பழம் கேட்டேன்.

"இது புலிக்குள்ளதாக்கும்" என்று பாவாடையால் மூடிக்கொண்டாள்.

எனக்கு அப்போதும் அவள்மேல் கோபம்தான் வந்தது.

இரும்புக் கதவு

மறுபடி அந்தக் கதவுக்கு வருகிறேன்.

இன்று விடுமுறை, நாளை வாருங்கள் என்று காவல்காரர் மலையாளத்தில் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். அப்பாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. துண்டைத்தான் எடுத்தார்.

நாளை அறுப்பு, வர முடியாது என்றார். இந்தப் பிள்ளை செத்துப் பிழைத்தது, தலையைப் பாருங்கள் என்றார். பஞ்சாங்கம் பார்த்து நல்ல நாளில் வந்திருக்கிறோம் என்றார். தமிழும் மலையாளமும் தடுக்கி விழுந்து வந்தன. அப்பா யாரிடமும் எதையும் இரண்டு தடவை கேட்டு நான் பார்த்ததில்லை. அங்கே நாலு தடவை கேட்டார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"மிருகங்களுக்குப் பஞ்சாங்கம் இல்லல்லோ" என்றார் காவல்காரர். கேலியாகச் சொல்லவில்லை, பாவம். கதவைத் திறந்தால் தன் வேலை போய்விடும் என்றும் சொன்னார். அப்பா தலையை ஆட்டினார்.

வடிவு அழவில்லை. இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவள் அப்பாவின் இடுப்புத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கதவின் கம்பிகளுக்கு இடையில் பழச்சீப்பை நீட்டினாள்.

"புலிக்கிட்டக் குடுத்துருங்கோ."

காவல்காரர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அப்பா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு மதிலை ஒட்டி நடந்தார். எங்காவது தாழ்வாக இருக்காதா என்று பார்த்தபடி போனார். நான் பின்னால் சாப்பாட்டுப் பொதியோடு நடந்தேன். வெயில் ஏறியிருந்தது. உள்ளேயிருந்து சாணமும் தழையும் கலந்த ஒரு நாற்றம் வந்தது. ஓரிடத்தில் மரங்களுக்குப் பின்னாலிருந்து ஏதோ ஒன்று உறுமியது. புலியோ சிங்கமோ யாருக்குத் தெரியும். அப்பா நின்று, அவளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

"தெரியுதா மக்கா?"

"மரந்தாம்பா தெரியுது" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "எறக்குங்கோ, ஒங்களுக்குக் கை வலிக்கும்" என்றாள்.

காட்சிசாலையும் அன்று அடைப்பு. வெளியே ஒரு மரத்தடியில் பொதியைப் பிரித்தோம். புளிச்சோறும் தேங்காய்த் துவையலும். அப்பா என் பக்கமாகச் சோற்றைத் தள்ளி வைத்தார்.

"எம் பெசகுதான். ஒருத்தருட்டக் கேட்டுட்டு வந்திருக்கணும்."

கேட்டிருந்தார். என்னிடம்தான் கேட்டிருந்தார். அதை அவர் சொல்லவில்லை. சின்னப் பிள்ளை, தெரியாமல் சொல்லியிருப்பாள் என்று விட்டிருந்தார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

கடற்கரைக்குப் போகலாமா என்று கேட்டார். வடிவுக்குக் களைப்பு, வீட்டுக்குப் போவோம் என்றாள். ஆசைப்பட்ட பட்டணத்தில் கடைசியில் நான் பார்த்தது ஒரு மதிலை மட்டும்தான்.

அம்மாவின் கேள்வி

நாங்கள் வீடு சேர்ந்தபோது அம்மா வாசலிலேயே நின்றாள்.

"புலியப் பாத்தியா மக்கா?"

அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் வடிவு முந்திக்கொண்டாள்.

"பாத்தேன்மா. எவ்ளோ பெருசு. பழத்தத் தொலியோட தின்னுச்சு. அப்பா தோள்ல வச்சுக் காட்டித் தந்தாங்க."

அம்மா அவளை வாரி எடுத்துக்கொண்டாள். அப்பா கால் கழுவப் போனார். செம்பிலிருந்த தண்ணீர் முழுவதையும் ஒரே காலில் ஊற்றிக்கொண்டு நின்றார்.

ஆறு வயதுப் பிள்ளை, அப்பா தலைகுனியக் கூடாது என்று ஒரு பொய் சொன்னாள். சொல்லிச் சொல்லி அதை நம்பியும் விட்டாள். இன்று அவள் பேரப்பிள்ளைகள் வரைக்கும் அந்தப் புலி பழம் தின்றுகொண்டிருக்கிறது. நானும் ஒரு பொய் சொன்னேன். அது என்ன செய்தது என்று மேலே எழுதியிருக்கிறேன்.

களத்தில்

கதை இங்கே முடிந்திருந்தால் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும்.

அந்த வாரம் சனிக்கிழமை. களத்தில் சூடடிப்பு நடந்துகொண்டிருந்தது. அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். வைக்கோல் தூசி மூக்கில் ஏறித் தும்மிக்கொண்டே நின்றேன். களத்தை ஒட்டிய பாதையில் கணக்கு சார் சைக்கிளில் வந்தார். என்னைப் பார்த்ததும் இறங்கினார்.

திங்கட்கிழமை ஏன் வரவில்லை, லீவு லெட்டரும் கொடுக்கவில்லையே என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அப்பா பக்கத்தில் வந்துவிட்டார். சின்னவளுக்கு மிருகசாலை காட்டப் போயிருந்தோம், இவளையும் கூட்டிப் போனேன் என்றார்.

சாரின் புருவம் ஏறியது.

"திங்கக்கெழமயா? அண்ணைக்கு அடைப்புல்லா. நான் கிளாஸ்ல வச்சே சொன்னேனே. ஒங்க மக முன் பெஞ்சுலதான் இருந்தா."

நான் தரையைப் பார்த்தேன். ஒரு எறும்பு நெல்மணி ஒன்றை இழுத்துக்கொண்டு போயிற்று. அது களத்தின் ஓரம் சேரும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றதாக எனக்கு நினைவு. அவ்வளவு நேரம் ஆகியிருக்காது.

அப்பா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். தூசி அதிகம், துடைக்கச் சற்று நேரமாயிற்று. துண்டு கீழே இறங்கியபோது அவர் சாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா சார். அவ அப்பமே சொன்னா. நாந்தான் கேக்கல்ல. நாளு பாத்தாச்சு, போயித்தான் பாப்போம்னு பிடிவாதமாப் போனேன்."

சார் சிரித்தார். அடுத்த தடவையாவது படித்த பிள்ளை சொல்வதைக் கேளுங்கள் என்று அப்பாவுக்குப் புத்தி சொன்னார். அப்பாவும் சிரித்து, சரி சார் என்றார். சைக்கிள் போய்விட்டது.

இப்போது அடி விழும் என்று நின்றேன். விழ வேண்டும் என்றும் இருந்தது. அப்பா துண்டை மறுபடி தலையில் சுற்றிக் கட்டினார். என் கையிலிருந்த கஞ்சிப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டார்.

"வெயிலு கூடிட்டு. எட்டி நடந்து வீட்டுக்குப் போ மக்கா" என்றார்.

எப்போதும் சொல்கிற அதே குரல். அதில் எங்காவது கோபம் ஒளிந்திருக்கிறதா என்று வீடு வரைக்கும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். இல்லை. அதன் பிறகு முப்பது வருஷம் அவர் உயிரோடு இருந்தார். ஒரு நாளும் அதைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வடிவு இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் வாங்குகிறவள். வாசித்துவிட்டு என்னைக் கூப்பிடுவாள். இந்தத் தடவை ஆமா என்று சொல்லிப் போனை வைக்க முடியாது.